பன்னிரண்டு ரூபாய் பெறப்பட்டது

கடலுக்குப் போய்த் திரும்பாத பெலவேந்திரன் டீக்குக் காசு கொடுத்திருக்கிறான் என்று டீக்கடைச் சேசையா வந்து சொன்னபோது, அவன் மனைவி பிரகாசி வாசலில் உட்கார்ந்து சாளை மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். உப்பிலிருந்து கையை எடுக்காமலேயே எவ்வளவு என்று கேட்டாள், பன்னிரண்டு ரூபாய் என்றார் சேசையா, சர்க்கரை கம்மியாக ஒரு டீக்கு அவன் எப்போதும் கொடுக்கிற அதே பன்னிரண்டு ரூபாய், விடியக்கருக்கலில் கடையைத் திறந்து பாலை அடுப்பில் வைத்த கையோடு, கல்லாவின் மேல் இருக்கிற, செல் வழியாகக் காசு வந்தால் பேசுகிற பெட்டி, ஆளே இல்லாத கடைக்குள் தானாக வாயைத் திறந்து, பன்னிரண்டு ரூபாய் பெறப்பட்டது என்று சொன்னதாம், செல்லை எடுத்துப் பார்த்தால் பெலவேந்திரன் பேர் இருந்ததாம், வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு அவன் சிரிக்கிற அந்தச் சின்ன வட்டப் படமும் பக்கத்தில் இருந்ததாம்.

இராயப்பர்துறைக்காரர்கள் பெலவேந்திரனைத் தேடாத இடமில்லை. கார்த்திகை மாதத்துக் காற்றில், சிங்கி இறாலுக்கு வலை போட்டுவிட்டு வருகிறேன் என்று தனியாக வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனவன் அவன். வள்ளம் மட்டும் கவிழ்ந்து, வயிற்றை வானத்துக்குக் காட்டிக்கொண்டு, பக்கத்து ஊர்க் கரைக்கு வந்து சேர்ந்தது. ஊர் வள்ளங்கள் எல்லாம் போய்ப் பார்த்தன, மேலே ஹெலிகாப்டர் ஒன்று சுற்றிப் பார்த்தது, உடல் கிடைக்கவில்லை, சட்டை கிடைக்கவில்லை, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு போன செல்லும் கிடைக்கவில்லை.

பிரகாசி அழவும் இல்லை, பயப்படவும் இல்லை.

"டீ ஊத்தி வச்சியளா அண்ணே?" என்று கேட்டாள்.

சேசையா விழித்தார். ஆள் இல்லாமல் யாருக்கு ஊற்றுவது என்றார்.

"காசு வாங்கியிருக்கியளே."

சேசையா திரும்பிப் போய், சர்க்கரை கம்மியாக ஒரு டீ போட்டு, பெஞ்சின் கடைசியில், சுவரோரம், பெலவேந்திரன் முதுகைச் சாய்த்து உட்காருகிற இடத்தில் வைத்தார். வைத்துவிட்டுப் பாலை ஒரு தடவை கிண்டித் திரும்பினால் டம்ளர் காலியாக இருந்தது, அடியில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது, பெஞ்சில் ஓர் ஆள் உட்கார்ந்து எழுந்த அளவுக்கு ஈரம் இருந்தது.

மறுநாளும் பெட்டி பேசியது, அதற்கு மறுநாளும் பேசியது, கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று மட்டும், பன்னுக்கும் சேர்த்து, இருபது ரூபாய் பெறப்பட்டது என்றது. கடலோர ஊர் என்பதால் கடலிலிருந்து என்ன வந்தாலும் ஏற்றுக்கொள்ளப் பழகியவர்கள் அவர்கள். சுனாமியையும் எண்ணெய்க் கட்டியையும் செத்த திமிங்கிலத்தையும் ஏற்றுக்கொண்டவர்களுக்கு, செத்துப்போன ஒருவன் டீ குடிக்க வருவது பெரிய சங்கடமாக இல்லை. பெஞ்சில் அந்த மூலையை அவனுக்கு விட்டுவிட்டு மற்றவர்கள் நெருக்கி உட்கார்ந்தார்கள். இன்றைக்கு வாடைக்காற்று, கடலடியில் நீவாடு கிழக்கே இழுக்கிறது, நண்டு நல்ல விலை போகிறது என்று பேசும்போது அந்தப் பக்கமும் முகத்தைத் திருப்பிச் சொன்னார்கள். இது பாவமா, ஆண்டவர் செய்த புதுமையா என்று பங்குச்சாமியாரிடம் கேட்டதற்கு, அவர் இரண்டு ஞாயிறு யோசித்துவிட்டு, இரண்டும் எனக்குத் தெரியாது, ஆனால் காசு வாங்கியவன் சரக்குக் கொடுத்தாக வேண்டும், அதில் சந்தேகமில்லை, செல்லில் படம் எடுக்கிறேன் என்று யாரும் அங்கே போய்க் கூட்டம் போடக்கூடாது என்று பூசையில் சொன்னார்.

பிரகாசிதான் வங்கிக்குப் போனாள். அவன் கணக்கில் மீன்பிடித் தடைக்கால நிவாரணமும் இறால் வியாபாரி போட்ட பணமும் இருந்தன, அதன் ரகசிய எண் அவனுக்கு மட்டும்தான் தெரியும். செல்லைத் திருடியவன் எவனோ இதைச் செய்கிறான், இந்தக் காலத்தில் இதெல்லாம் சகஜம் என்றார் வங்கி அதிகாரி. திருடனாக இருந்தால் ஒரு டீயோடு நின்றுவிடுவானா என்று பிரகாசி கேட்டாள். அவர் ஒரு எண்ணைக் கொடுத்துப் புகார் சொல்லச் சொன்னார், அந்த எண்ணில் பாட்டு வெகுநேரம் பாடியது, பிறகு ஒரு பெண்பிள்ளை வந்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, கணினியில் பார்த்துவிட்டு, ரகசிய எண் சரியாகப் போடப்பட்டிருக்கிறது அம்மா, அதனால் அது அவர்தான் என்று சொல்லி, சேவை திருப்தியாக இருந்ததா என்றும் கேட்டாள். அது அவர்தான் என்று பட்டணத்திலிருந்தே சொல்லிவிட்டார்கள் என்ற செய்தி, பிரகாசி வீட்டுக்கு வந்து சேருவதற்கு முன்பே ஊருக்குள் வந்துவிட்டது.

பொங்கலுக்குப் பிறகு பெலவேந்திரன் வேறு கடைகளுக்கும் போக ஆரம்பித்தான். வலைக்கடையில் நைலான் நூல்கண்டு வாங்கினான், பெட்டிக்கடையில் வெற்றிலைபாக்கு வாங்கினான், ஒருநாள் துணிக்கடைப் பெட்டி பேசி, கடைக்காரர் ஒரு கம்பளிப் போர்வையை வாசல்படியில் வைக்க, அதுவும் ஈரத்தடம் விட்டுப் போய்விட்டது. எந்தக் கடைக்கு அவன் வந்தானோ அந்தக் கடையில் அன்றைக்கு வியாபாரம் நன்றாக ஓடியது என்று பேச்சு எழுந்தது, அவன் வராத கடைக்காரர்கள் பெட்டியைத் துடைத்துச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காத்திருந்தார்கள்.

தவக்காலத்தின்போது அவன் கணக்கு தீர்ந்துபோனது. சேசையாவின் பெட்டி ஒரு விடியலில் பேசவில்லை, அன்று காலையில்தான் பிரகாசியின் செல்லில் முதல் கோரிக்கை வந்தது: பெலவேந்திரன் உங்களிடம் பணம் கேட்கிறார், பன்னிரண்டு ரூபாய். கீழே இரண்டு பொத்தான்கள், கொடு என்று ஒன்று, மறு என்று ஒன்று. பிரகாசி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாள் முதல் அவளிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்காத மனுஷன், கடன் என்றால் காறித் துப்புகிற மனுஷன், என்ன பாடுபட்டுக் கேட்டிருப்பானோ என்று நினைத்து, பன்னிரண்டுக்குப் பதிலாக நூறு அனுப்பினாள்.

இது பக்கத்து வீட்டு லூர்தம்மாளின் காதுக்குப் போனது. புயல் வருஷத்தில் லூர்தம்மாளின் மகன் சகாயம் கடலோடு போனவன், இருபது வயது முடியாத பிள்ளை. அந்தப் பிள்ளையின் எண்ணை லூர்தம்மாள் தன் செல்லிலிருந்து அழிக்கவே இல்லை. இப்போது அந்த எண்ணுக்கு ஐம்பது ரூபாய் அனுப்பினாள், போய்ச் சேர்ந்தது என்று செல் சொன்னது, மறுநாள் பெட்டிக்கடையில் பெட்டி பேசியது, சகாயத்தின் பேரில் ஒரு கடலை மிட்டாய். லூர்தம்மாள் தெருவில் நின்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், அவள் சிரித்து அந்தத் தெரு பார்த்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதன் பிறகு யாரையும் தடுக்க முடியவில்லை. கடலுக்குப் புருஷனைக் கொடுத்தவளும் தகப்பனைக் கொடுத்தவளும் அண்ணன் தம்பியைக் கொடுத்தவளும் செல்லை எடுத்தார்கள், எண் இல்லாமல் செத்துப்போன பழைய காலத்து ஆட்களுக்குக்கூடப் புது எண் வாங்கிப் பணம் போட்டுப் பார்த்தார்கள், அதில் சிலதும் போய்ச் சேர்ந்தது. விடியற்காலைகளில் ஊர் முழுக்கப் பெட்டிகள் பேசின, பத்து ரூபாய் பெறப்பட்டது, முப்பது ரூபாய் பெறப்பட்டது, நூற்றைம்பது ரூபாய் பெறப்பட்டது என்று ஒரே பெண்குரல் தெருத்தெருவாக, கடற்கரை வரைக்கும், செபமாலைக்குப் பதில் சொல்வதைப்போலச் சொல்லிக்கொண்டே போனது. கடலுக்குள் இருப்பவர்களுக்கு ஆசைகள் கூடின. ஒருவன் ரேடியோ கேட்டான், ஒருவன் பிரியாணி கேட்டான், ஒருவன் தன் பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பலூன் வாங்கினான், அந்தப் பலூன்கள் வாசலில் கட்டப்பட்டு, பிறகு ஒவ்வொன்றாக அவிழ்ந்து, தண்ணீரை நோக்கித் தாழப் பறந்து போயின. கேட்டபோது யாரும் மறுக்கவில்லை. தடைக்காலம் வந்து, வள்ளங்கள் கரையேறி, உயிரோடு இருப்பவர்களின் அடுப்புகள் ஒருவேளைக்கு இறங்கியபோதும், கம்மலை வைத்தும் சீட்டை எடுத்தும் பெண்கள் கடலுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள், கடைக்காரர்கள் புது அலமாரி அடித்தார்கள்.

பிரகாசியின் மகள் ரெக்சிலின் பன்னிரண்டாம் வகுப்பு எழுதி முடித்திருந்தாள். நாகர்கோவிலில் நர்சிங் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. கருவாடு விற்றுச் சேர்த்த பணத்தைக் கல்லூரிக்கென்று பிரகாசி தன் கணக்கில் வைத்திருந்தாள், இன்றைக்கு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தபோது அது பாதியாகக் குறைந்திருந்தது. அவள் எதற்கும் பெரிதாகக் கொடுக்கவில்லை, டீக்கும் போர்வைக்கும் நூலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுத்திருந்தாள், அந்தக் கொஞ்சம்தான் பாதியைத் தின்றிருந்தது.

அப்படித்தான் அவள் பஸ் ஏறி, கடலில் போனவர்களின் குடும்பத்துக்கு நிவாரணம் கொடுக்கிற அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்த அதிகாரி அம்மாள் நல்லவள், நாற்காலி போட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கோப்பைப் பிரித்துப் படித்தாள். உடல் கிடைக்காதவர்களை இறந்தவர் என்று எழுத விசாரணை வேண்டும், விசாரணையில் ஆள் உயிரோடிருப்பதற்கு ஒரு தடயமும் இருக்கக்கூடாது என்றாள். பிறகு அவன் வங்கிக் கணக்கைக் கணினியில் பார்த்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க வீட்டுக்காரர் நேத்துக் காலையிலகூட டீ குடிச்சிருக்காரே."

"குடிச்சாவ," என்றாள் பிரகாசி. "ஆனா அவிய செத்துட்டாவ."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தாள். "ரெண்டுல ஒண்ணுதாம்மா என்னால எழுத முடியும்."

கணக்கு அமைதியாக வேண்டும், அடுத்த தடைக்காலம் வரைக்கும் ஓர் அசைவும் இருக்கக்கூடாது, அப்புறம் வாருங்கள் என்று அனுப்பிவைத்தாள். திரும்பி வருகிற பஸ்ஸில் பிரகாசி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், உப்பளங்கள் வெள்ளையாக ஓடின. தான் இப்போது செய்யவேண்டியது என்ன என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது, அதற்கு என்ன பேர் என்பதும் தெரிந்தது. கடல் பாதி செய்து விட்டுவிட்டுப் போன வேலையை அவள் செய்து முடிக்க வேண்டும்.

மறுநாள் கோரிக்கை வந்தபோது பிரகாசி மறு என்பதை அழுத்தினாள். அழுத்திய விரலைத் தண்ணீரில் நனைத்தாள். அன்றைக்கு முழுதும் அவள் டீ குடிக்கவில்லை. அதற்கு மறுநாள் கோரிக்கை வரவே இல்லை, அப்படியா, இவ்வளவு லேசாகவா என்று நினைத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போனாள், சேசையாவின் பெட்டி அவள் காதுபடவே பன்னிரண்டு ரூபாய் பெறப்பட்டது என்றது, டீ மூலையில் இருந்தது, பிறகு காலியாக இருந்தது.

அவள் யார் யார் மேலோ சந்தேகப்பட்டாள். கடைசியில், கோயில் திருவிழாவுக்கு வந்த வளையல் கடையில் ரெக்சிலின் ஒன்றும் வாங்காமல் வெறுங்கையோடு திரும்பியதைப் பார்த்தபோது அவளுக்குப் புரிந்தது. மாமன் கொடுத்த திருவிழாக் காசு, பரீட்சைக்கு நல்ல மார்க் வாங்கியதற்குச் சாமியார் கொடுத்த காசு எல்லாம் எங்கே என்று கேட்டாள்.

"ஒரு டீக்குத்தாம்மா அனுப்புதேன்," என்றாள் ரெக்சிலின். "வேற ஒண்ணுக்கும் குடுக்கலை."

அலுவலகத்தில் சொன்னதைப் பிரகாசி மகளுக்கு மறுபடியும் நினைவுபடுத்தினாள். எனக்குப் படிப்பு வேண்டாம் என்றாள் மகள். அவள் குரல் உடையவில்லை, கண் மட்டும் நிறைந்திருந்தது.

"நாமளும் குடுக்கலைன்னா அப்பா யாருட்டம்மா கேப்பாவ?"

பிரகாசி வெகுநேரம் மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"யாருட்டயும் கேக்கவேண்டாம்ட்டீ. உங்கப்பா யாருட்டயும் ஒத்தப் பைசா கேக்காத ஆளு. டீக்காசுக்குக் கையேந்திக்கிட்டு விடிய விடிய நிக்கதுக்கா நாம அவியள வச்சிருக்கோம்?"

ரெக்சிலின் அனுப்புவதை நிறுத்தியதும் கோரிக்கை மறுபடியும் தாயிடம் வந்தது. இந்தத் தடவை, குறிப்பு எழுதுவதற்கென்று விட்டிருக்கிற இடத்தில் ஒரு சொல் இருந்தது: குளிருது. பிரகாசி மறு என்பதை அழுத்தினாள். அடுத்த நாள், குளிருது பிரகாசி என்று வந்தது. ஊரில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது, அந்தச் சொல்லைப் படித்தபோது அவளுக்குப் பல் கிட்டியது. அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள், எழுதவும் நேரமாகும். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தி, முடிக்கும்போது நிழல் முற்றத்தைத் தாண்டியிருந்தது. நீங்க செத்துட்டீங்கன்னு எழுதணும். பிள்ள படிக்கணும். இனி கேக்காதீங்க. இவ்வளவுதான் எழுதினாள். அது போய்ச் சேர்ந்தது என்று செல் காட்டியது, வாசிக்கப்பட்டது என்றும் காட்டியது.

மறுநாள் விடியலில், பாயில் எழுந்து உட்கார்ந்திருந்த தாயும் மகளும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, செல் வெளிச்சமானது. பெலவேந்திரன் உங்களிடம் பணம் கேட்கிறார், ஆறு ரூபாய்.

அரை டீக்கு.

ரெக்சிலின் பாயில் கவிழ்ந்து அழுதாள். பிரகாசி மறு என்பதை அழுத்தினாள், தொடர்ந்து மறுப்பதால் இந்த நபரைத் தடை செய்ய விரும்புகிறீர்களா என்று செல் கேட்டது, ஆம், இல்லை என்று இரண்டு சொற்களைக் காட்டியது, படத்தில் அவன் வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு சிரித்தான். அவள் அந்தப் படத்தின் மேல் கட்டைவிரலை வைத்து, ஒரு முகத்தைத் துடைப்பதைப்போலத் துடைத்தாள். பிறகு ஆம் என்பதை அழுத்தினாள். மகளின் செல்லை வாங்கி அதிலும் அப்படியே செய்தாள். படம் சாம்பல் நிறமாகிப் போனது.

அன்று சேசையாவின் பெட்டி பேசவில்லை. சேசையா இரக்கப்பட்ட மனுஷன், காசு இல்லாவிட்டால் என்ன, ஓசியில் குடித்துவிட்டுப் போகட்டும் என்று மூலையில் டீயை ஊற்றி வைத்தார், டீ ஆறி, ஆடை படிந்து, ஈ விழுந்து அப்படியே இருந்தது. காசு கொடுக்காமல் அவன் எந்தக் காலத்திலும் குடித்ததில்லை. நாலைந்து நாள் பார்த்துவிட்டுச் சேசையா டம்ளரைக் கழுவி மற்ற டம்ளர்களோடு கவிழ்த்தார். ஆனாலும் அந்த மூலையில் யாரும் உட்காரவில்லை.

ஊர்ப் பெண்கள் பிரகாசியோடு பேசுவதை நிறுத்தினார்கள். கட்டினவனுக்குத் தண்ணீர் மறுத்தவள் என்றார்கள், பணத்துக்காகப் புருஷனைச் சாகடித்தவள் என்றார்கள், அவள் குழாயடிக்கு வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள், ஏலக்கூடத்தில் அவள் கூடைக்கு மீன் கடைசியாக வந்தது. லூர்தம்மாள் மட்டும் ஒதுங்கவில்லை, பேசவும் இல்லை. பிரகாசி கல்லூரியில் பாதிக் கட்டணத்தைக் கட்டி, மீதிக்குத் தவணை கேட்டு, மகளை விடுதியில் கொண்டுபோய் விட்டாள். தனியாக இருந்த வீட்டில் விடியற்காலை வந்ததும் அவளுக்குத் தானாக விழிப்பு வந்தது, செல் இருட்டாகக் கிடந்தது. வெளியே தெருத்தெருவாக மற்றவர்களின் பெட்டிகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். சில நாள் அவள் விரல் தடையை நீக்குகிற இடம் வரைக்கும் போயிருக்கிறது. குளிருது என்ற சொல் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. மாசி வெயிலில் கருவாடு காயவைக்கும்போதும் அவள் முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொள்வதை ஊர் பார்த்தது.

அடுத்த தடைக்காலத்தில் விசாரணை வந்தது. கணக்கில் அசைவில்லை என்று வங்கி எழுதிக்கொடுத்தது, கடைக்கு வருவதில்லை என்று சேசையா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், அதிகாரி அம்மாள் இரண்டில் ஒன்றை எழுதினாள். நிவாரணம் வந்தது, அதில் ரெக்சிலினின் மீதிக் கட்டணத்தைக் கட்டினார்கள். கையில் இறப்புச் சான்றிதழ் இருந்ததால், இனி இறந்தோர் பூசை வைக்கலாம் என்று பங்குச்சாமியார் சொன்னார்.

பூசைக்கு யாரும் வரமாட்டார்கள் என்று பிரகாசி நினைத்திருந்தாள். ஆனால் துக்கமணி அடிக்கத் தொடங்கியதும், ஒருவர் பின் ஒருவராக, கறுப்பிலும் வெள்ளையிலும், ஊர்ப் பெண்கள் எல்லாரும் வந்து கோயிலை நிரப்பினார்கள். கடலில் போன ஓர் ஆளுக்குத் துக்கமணி அடித்து அங்கே வெகுகாலம் ஆகியிருந்தது, அந்தச் சத்தத்தைக் கேட்க அவர்களுக்கு ஒரு தாகம் இருந்திருக்க வேண்டும். சாமியார் பெலவேந்திரனின் பேரைச் சொல்லி நித்திய இளைப்பாற்றிக்கு மன்றாடியபோது பிரகாசி முதன்முறையாக அழுதாள், வாய்விட்டு, மார்பில் அடித்துக்கொண்டு, ஒன்றரை வருஷத்து அழுகையையும் சேர்த்து அழுதாள், விடுதியிலிருந்து வந்திருந்த ரெக்சிலின் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பின்வரிசைகளில் ஒவ்வொருத்தியாக அழத் தொடங்கினார்கள்.

அந்த அழுகைக்கு நடுவில்தான், பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த லூர்தம்மாளின் மடியில் வெளிச்சம் வந்தது. அவள் முந்தானையால் அதை மறைத்தாள். மறைத்த துணிக்குள்ளிருந்து, இருபது வயது முடியாத ஒரு பையனின் முகம் நீலமாகத் தெரிந்தது. லூர்தம்மாள் பீடத்தைப் பார்த்தாள், பிரகாசியைப் பார்த்தாள், அவள் கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது.

பிரகாசி முகத்தை மெதுவாக மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். முந்தானைக்குள் லூர்தம்மாளின் விரல் அசைந்தது, மணி ஓய்ந்திருந்ததால், கடைத்தெருவில் எங்கோ ஒரு பெட்டி பேசுவது கோயிலுக்குள் இருந்த எல்லாருக்கும் கேட்டது.